மார்பக எம்ஆர்ஐ: கட்டி தீங்கற்றதா, புற்றுநோயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பக எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லப்பட்டவர்களும், எடுத்து முடித்து அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்களும், அவர்களுடன் வரும் குடும்பத்தினரும் ஒரே வகையான ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்த ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே, எளியதிலிருந்து சிக்கலானது என்ற வரிசையில் இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் படங்களைப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது.

எம்ஆர்ஐ எடுத்தால் கட்டி சாதாரணமானதா, புற்றுநோயா என்று உறுதியாகத் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும் தெரியும், ஆனால் உறுதி என்ற சொல்லை எம்ஆர்ஐக்குக் கொடுக்க முடியாது. ஒரு மாற்றம் புற்றுநோயாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை எம்ஆர்ஐ கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது. இறுதி முடிவைச் சொல்வது, அந்த இடத்திலிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சிதான்.

எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு, 44 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2008-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்கு உதவும். புற்றுநோய் உள்ள மாற்றங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எம்ஆர்ஐ சரியாகச் சந்தேகித்தது. தீங்கற்றவற்றில் ஏறத்தாழ 72 விழுக்காட்டை மட்டுமே தீங்கற்றவை என்று சரியாகச் சொன்னது. அதாவது, புற்றுநோயைத் தவறவிடுவது குறைவு. தீங்கற்ற ஒன்றைப் பார்த்துச் சந்தேகப்படுவது அதைவிட அதிகம். கீழே வரும் பதில்களில் பலவற்றுக்கு இந்த ஒரு சமனின்மைதான் அடிப்படை.

மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் எடுத்தாகிவிட்டது. அவற்றில் தெரியாதது இதில் எப்படித் தெரியும்?

மேமோகிராம் எக்ஸ்ரே கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. அல்ட்ராசவுண்ட் ஒலி எதிரொலிப்பதைக் காட்டுகிறது. இரண்டும் திசுவின் அமைப்பைப் பார்ப்பவை. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ, அமைப்போடு சேர்த்து இரத்த ஓட்டத்தையும் பார்க்கிறது. ஒரு புற்றுக்கட்டி சில மில்லிமீட்டர் அளவைத் தாண்டி வளர வேண்டுமானால் தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் உருவாகும் அந்தக் குழாய்களின் சுவர் சீராக இருப்பதில்லை. அவற்றிலிருந்து மருந்து எளிதில் கசிந்து வெளியேறும். எனவே கேடோலினியம் கலந்த மருந்து கைநரம்பு வழியே ஏறிய ஓரிரு நிமிடங்களுக்குள் அந்த இடம் சுற்றியுள்ள திசுவைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. இந்த வெளிச்சத்தையே இப்பக்கத்தில் ஒளிர்வு என்று குறிப்பிடுகிறேன்.

அடர்த்தி மிகுந்த மார்பகத்தில் மேமோகிராம் படம் முழுவதும் வெண்மையாக இருக்கும். கட்டியும் வெண்மையாகவே இருப்பதால் அதற்குள் மறைந்துவிடும். ஒளிர்வுக்கு இந்தத் தடை இல்லை.

ஊசி இல்லாமல் எடுக்கக் கூடாதா?

சிலிகோன் இம்ப்ளாண்ட் கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் ஊசி தேவையில்லை. தீங்கற்றதா, புற்றுநோயா என்று பிரித்தறிவதுதான் நோக்கம் என்றால், இன்றைய நிலையில் ஊசி இல்லாத எம்ஆர்ஐ அதற்கு ஈடாகாது.

கேடோலினியம் உடலுக்குக் கெடுதல் செய்யாதா? எனக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. என் தங்கை பாலூட்டுகிறாள்.

சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குச் சில வகைக் கேடோலினிய மருந்துகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஓர் அரிய நோய் வந்திருக்கிறது. எனவே சிறுநீரக வடிதிறன் (eGFR) நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழ் இருப்பவர்களுக்கு மருந்தின் வகையையும் தேவையையும் தனியாக ஆராய்ந்த பின்னரே ஊசி போடுவார்கள். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்களின் மூளையில் மிகச் சிறிய அளவு கேடோலினியம் தங்குவதும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் ஏற்படும் தீங்கு எதுவும் நிறுவப்படவில்லை. ஆயினும் முன்னெச்சரிக்கையாக ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் மூலக்கூறு அமைப்பில் நேர்க்கோட்டு வகையைச் சேர்ந்த மருந்துகள் பலவற்றைக் கட்டுப்படுத்தியது. வளைய வகை மருந்துகள் கேடோலினியத்தை இறுகப் பிடித்து வைத்திருப்பவை என்பதால் அவையே இப்போது விரும்பப்படுகின்றன.

தாய்ப்பாலில் கலப்பது செலுத்திய அளவில் 0.04 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. கருவுற்றிருப்பவர்களுக்கு இந்த ஊசியைத் தவிர்ப்பதே வழக்கம். பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, ஊசி செலுத்தும் வாயில் காந்தம் உள்ள மார்பக விரிப்பான் போன்றவை இருந்தால், அறைக்குள் நுழைவதற்கு முன்பே மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எடுக்கும்போது குப்புறப் படுக்கச் சொல்வது ஏன்? கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று ஏன் கேட்கிறார்கள்?

குப்புறப் படுத்தால் மார்பகங்கள் அவற்றுக்கென்று அமைந்த, காயில் (coil) எனப்படும் கருவியின் குழிகளுக்குள் தொங்கும். திசு விரிந்து தெரியும், மூச்சு விடும்போது ஏற்படும் அசைவும் குறையும். அசையாமல் இருப்பது மிகவும் முக்கியம். ஊசிக்குப் பின் எடுத்த படத்திலிருந்து ஊசிக்கு முன் எடுத்த படத்தைக் கழித்துத்தான் ஒளிர்வை எடுத்துக்காட்டுகிறார்கள். இடையில் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் இரண்டு படங்களும் பொருந்தாமல், இல்லாத விளிம்பு ஒன்று இருப்பதுபோலத் தோன்றும். இருக்கும் சிறு கட்டி மங்கியும் போகும்.

மாதவிடாய் விவரம் கேட்பதற்குக் காரணம், இயல்பான பால்சுரப்பித் திசுவும் ஹார்மோனுக்கு ஏற்ப ஒளிரும் என்பதுதான். இந்தப் பின்னணி ஒளிர்வு மிகுந்தால் உண்மையான மாற்றம் அதற்குள் மறையலாம். இயல்பான திசுவே சந்தேகத்துக்கிடமாகவும் தெரியலாம். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் எடுத்தால் இது பொதுவாகக் குறைவாக இருக்கும். ஏற்கெனவே புற்றுநோய் உறுதியாகி, அதன் பரவலை அளப்பதற்காக எடுக்கும்போது இந்த நாட்களுக்காகக் காத்திருப்பதில்லை.

படத்தில் எதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்?

முதலில் உருவம், அதன் பின்னர் ஒளிர்வின் வேகம், இவற்றோடு நீரைப் பளிச்சென்று காட்டும் டி2 எனப்படும் படத்திலும், நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படத்திலும் அந்த இடம் எப்படித் தெரிகிறது என்பது. இந்த வரிசை முக்கியம். உருவம் தெளிவாகச் சந்தேகம் தரும்போது மற்ற எதுவும் அதைத் தள்ளுபடி செய்ய முடியாது.

உருவத்தில் விளிம்புதான் அதிகம் பேசும். முள்முள்ளாகச் சுற்றிலும் நீளும் விளிம்பு புற்றுநோய்க்கு மிக வலுவான அடையாளம். ஒழுங்கற்ற வடிவமும், ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும் விளிம்பும் சந்தேகத்துக்குரியவையே. நீள்வட்டமாக, விளிம்பு முழுவதும் கூர்மையாகத் தெளிந்து, உள்ளே சீராக ஒளிர்வது தீங்கற்றதன் பக்கம் சாயும். உள்ளே ஒளிராத கரிய மெல்லிய தடுப்புகள் தெரிந்தால் அது ஃபைப்ரோ அடினோமா எனப்படும் நார்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டியின் ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்ந்து நடுப்பகுதி ஒளிராமல் இருந்தால் புற்றுநோயை நினைக்க வேண்டும். ஆனால் அழற்சியுற்ற நீர்க்கட்டியும், அடிபட்ட அல்லது அறுவை செய்த இடத்தில் கொழுப்பு இறந்துபோன பகுதியும் இதே வளையத்தைக் காட்டும். அங்கே டி2 படமும் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்காமல் எடுத்த படமும் கைகொடுக்கும்: வளையத்தின் நடுவில் நீரோ கொழுப்போ இருப்பது அவற்றில் தெரிந்துவிடும்.

தனித்தனி அடையாளங்களை ஒன்று சேர்த்து எடைபோட, ஜெர்மானிய மருத்துவர் வெர்னர் கைசரின் பெயரால் வழங்கும் கைசர் மதிப்பெண் முறை இருக்கிறது. முள் நீட்சி, ஒளிர்வு வளைகோட்டின் வகை (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்), விளிம்பு, உள்ளே ஒளிரும் விதம், சுற்றியுள்ள நீர்க்கோர்வை ஆகிய ஐந்தையும் படிப்படியாகக் கேட்டு 1 முதல் 11 வரை மதிப்பெண் தரும் இம்முறையில், 5 அல்லது அதற்கு மேல் வந்தால் பயாப்சி பரிந்துரைக்கப்படுகிறது. அனுபவம் குறைந்தவர்களும் ஒரே ஒழுங்கில் பார்க்க இது துணைசெய்கிறது என்பதே இதன் பெரிய நன்மை என்று நினைக்கிறேன்.

அறிக்கையில் ‘டைப் 3 கர்வ், வாஷ்அவுட்’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்கிறது. அப்படியா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அந்தக் கோடு எப்படி வரையப்படுகிறது என்று பார்ப்போம். ஊசிக்கு முன் ஒரு முறையும், பின் ஒவ்வொரு ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்துக்கும் ஒரு முறையும் படமெடுத்து, அந்த இடத்தின் வெளிச்ச அளவைக் குறிக்கிறார்கள். ஊசிக்கு முன் 200 ஆக இருந்தது இரண்டு நிமிடத்தில் 460 ஆனால், ஏற்றம் 130 விழுக்காடு. 100 விழுக்காட்டைத் தாண்டியதால் இது வேகமான ஏற்றம். ஆறாம் நிமிடத்தில் அது 380 ஆகக் குறைந்தால், உச்சத்திலிருந்து 17 விழுக்காடு இறங்கிவிட்டது. 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்குவது வாஷ்அவுட், அதாவது மூன்றாம் வகை. கூடவோ குறையவோ 10 விழுக்காட்டுக்குள் நின்றுவிட்டால் இரண்டாம் வகை. இறுதிவரை ஏறிக்கொண்டே போனால் முதல் வகை.

ஜெர்மானிய கதிரியக்க மருத்துவர் கிறிஸ்டியானே கூலும் அவருடைய குழுவினரும் 1999-இல் 266 மாற்றங்களை இப்படி ஆராய்ந்து வெளியிட்டார்கள். புற்றுக்கட்டிகளில் 57 விழுக்காடு மூன்றாம் வகையைக் காட்டின. தீங்கற்றவற்றில் 83 விழுக்காடு முதல் வகையைக் காட்டின. இதே கணக்கை மறுபுறமிருந்து பார்த்தால், புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு முதல் வகைக்குள்ளும், தீங்கற்றவற்றில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மூன்றாம் வகைக்குள்ளும் இருந்தன. வளைகோடு ஒரு சாட்சி. அதன் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது மார்பகத்துக்குள் இருக்கும் சாதாரண நிணநீர் முடிச்சு. அது வேகமாக ஒளிர்ந்து வேகமாக இறங்கும். வளைகோட்டை மட்டும் பார்த்தால் அசல் புற்றுக்கட்டி போலவே இருக்கும். ஆனால் அருகில் சென்று பார்த்தால் சிறுநீரக வடிவமும், ஒரு பக்கக் குழிவில் கொழுப்பும், அந்தக் குழிவுக்குள் நுழையும் சிறு இரத்தக் குழாயும் தெரியும். இவை மூன்றும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் கோட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மறுபக்கம், பால்மடல்களில் தோன்றிப் பரவும் லோபுலார் வகைப் புற்றுநோய் மெதுவாக ஒளிர்ந்து முதல் வகைக் கோட்டைக் காட்டக்கூடும்.

கட்டி இல்லை, ஆனால் ‘நான்-மாஸ் என்ஹான்ஸ்மென்ட்’ இருக்கிறது என்கிறார்கள். கட்டியே இல்லாதபோது என்ன பயம்?

கட்டியாகத் திரளாமல், ஒரு பரப்பில் மட்டும் ஒளிர்வு தெரிவதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். இங்கே விளிம்பைப் பார்க்க வழியில்லை. அந்த ஒளிர்வு எப்படிப் பரவியிருக்கிறது என்பதே முதன்மை. பால்நாளம் ஒன்றின் வழியே கோடாகவோ, முலைக்காம்பை நோக்கிக் குவியும் முக்கோணப் பகுதியாகவோ இருந்தால் சந்தேகம் கூடும். உள்ளே சிறு வளையங்கள் கொத்தாகத் தெரிந்தால் மேலும் கூடும். இரு மார்பகங்களிலும் ஒரே மாதிரி பரவியிருந்தால் அது பெரும்பாலும் முன்பு சொன்ன பின்னணி ஒளிர்வு.

நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் தொடக்க நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் இந்த வடிவில்தான் தெரியும். இந்த வகையில் மேலே சொன்ன வளைகோடு அதிகம் உதவாது. தொடக்க நிலைப் புற்றுநோய் எந்த வகைக் கோட்டையும் காட்டும். கூலின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய 167 பேரில் 92 விழுக்காட்டினருக்கு எம்ஆர்ஐ நோயைக் காட்டியது. மேமோகிராம் காட்டியது 56 விழுக்காட்டினருக்கு. அதே வேளையில், தீங்கற்ற சுரப்பி மாற்றங்களும் ஹார்மோன் தூண்டலும் இதேபோலத் தோன்றுவதால், படத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது இங்கேதான் மிகக் கடினம்.

டிஃப்யூஷன், ஏடிசி என்று ஓர் எண் தந்திருக்கிறார்கள். அது குறைவாக இருந்தால் நல்லதா, கூடுதலாக இருந்தால் நல்லதா?

பொதுவாகக் கூடுதலாக இருப்பது நல்லது. திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அந்த எண் அளக்கிறது. செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் புற்றுக்கட்டியில் நகர இடமில்லாததால் எண் குறைகிறது. அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 2019-இல் வெளியான ஏ6702 ஆய்வு, நொடிக்கு 1.53 × 10⁻³ சதுர மில்லிமீட்டர் என்ற எல்லைக்கு மேல் உள்ளவற்றைப் பயாப்சி செய்யாமல் விட்டிருந்தால், புற்றுநோய் எதையும் தவறவிடாமல் 20.9 விழுக்காடு பயாப்சிகளைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது.

ஆயினும் கருவிக்குக் கருவி, அளக்கும் முறைக்கு முறை இந்த எண் மாறும். மிகச் சிறிய மாற்றங்களில் அளவீடே நம்பகமாக அமையாது. உருவத்தையும் வளைகோட்டையும் பார்த்த பிறகு சாய்வை உறுதிசெய்துகொள்ள மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

‘பை-ராட்ஸ் 4’ என்று வந்திருக்கிறது. அது நான்காம் நிலைப் புற்றுநோயா?

இல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தால் இரவெல்லாம் உறங்காதவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். புற்றுநோயின் நிலை என்பது நோய் உறுதியான பிறகு அதன் பரவலைக் குறிப்பது. பை-ராட்ஸ் என்பது சந்தேகத்தின் அளவைக் குறிக்க அமெரிக்க கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த எண். 1-உம் 2-உம் கவலையற்றவை. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. வழக்கமாக ஆறு மாதத்தில் மீண்டும் பார்ப்பார்கள். 4 என்றால் 2 விழுக்காட்டுக்கு மேல் 95 விழுக்காட்டுக்குள். 5 என்றால் 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல். 4-உம் 5-உம் பயாப்சிக்குரியவை. 6 என்பது பயாப்சியில் ஏற்கெனவே உறுதியானது. 0 என்றால் முடிவு சொல்ல இன்னும் படங்கள் தேவை.

நான்காம் எண்ணின் வீச்சு எவ்வளவு பரந்தது என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு 5 விழுக்காடும் மற்றொருவருக்கு 80 விழுக்காடும் ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். உங்களுடையது எந்தப் பக்கம் என்று அறிக்கை எழுதிய மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மேமோகிராமில் சந்தேகமான சுண்ணாம்புப் புள்ளிகள் இருந்தன. எம்ஆர்ஐ நார்மல். இனி பயாப்சி வேண்டாம்தானே?

வேண்டும். சுண்ணாம்புப் புள்ளிகளை எம்ஆர்ஐ காட்டாது. அவற்றைச் சுற்றியுள்ள திசு ஒளிர்கிறதா என்பதை மட்டுமே காட்டும். ஒளிராத தொடக்க நிலைப் புற்றுநோய் குறைவாயினும் உண்டு. மேமோகிராமிலோ அல்ட்ராசவுண்டிலோ பயாப்சிக்குரியது என்று தீர்மானித்த ஒன்றை, எம்ஆர்ஐ இயல்பாக இருக்கிறது என்ற காரணத்துக்காகக் கைவிடக் கூடாது. கையில் தட்டுப்படும் கட்டிக்கும் இதே விதிதான்.

வட்டமாக, வழுவழுப்பாக இருக்கிறது என்றால் கவலையில்லாமல் விட்டுவிடலாமா?

பெரும்பாலானோருக்கு அது நற்செய்திதான். ஆனால் வழுவழுப்பான முகம் காட்டும் புற்றுநோய்களும் உள்ளன. பிஆர்சிஏ1 மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு வரும் கட்டிகளும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்2 ஆகிய மூன்றும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் கட்டிகளும் பல நேரங்களில் உருண்டையாக, தெளிந்த விளிம்போடு இருக்கும். ஓரம் வளையமாக ஒளிர்வதுதான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். சளி போன்ற பொருள் நிறைந்த மியூசினஸ் புற்றுநோய் டி2 படத்தில் நீர்போலப் பளிச்சென்று தெரியும், மெதுவாக ஒளிரும், ஏடிசி எண்ணும் கூடுதலாகவே இருக்கும்; நார்க்கட்டிக்கு நாம் எதிர்பார்க்கும் அடையாளங்களை எல்லாம் அது அப்படியே காட்டும். எனவே குடும்ப வரலாறு, வயது, கட்டி புதிதாகத் தோன்றியதா, வளர்கிறதா என்பவற்றைச் சேர்க்காமல் படத்தை மட்டும் படிப்பது ஆபத்தானது. பழைய படங்கள் இருந்தால் ஒன்றுவிடாமல் கொண்டுசெல்லுங்கள்.

எம்ஆர்ஐயில் மட்டும் தெரிகிறது, அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை. பிறகு எங்கே குத்தி எடுப்பார்கள்?

எம்ஆர்ஐயில் கண்ட இடத்தைக் குறிவைத்து அல்ட்ராசவுண்டை மறுபடியும் செய்தால், பாதிக்குச் சற்று மேற்பட்ட நேரங்களில் அது அகப்படுகிறது. அகப்பட்டால் எளிதாக அதன் வழியே பயாப்சி எடுத்துவிடலாம். அகப்படாவிட்டால், எம்ஆர்ஐ படத்தின் வழிகாட்டலிலேயே உறிஞ்சு ஊசியால் திசு எடுத்து, அந்த இடத்தில் ஒரு சிறு உலோகக் குறியை விட்டு வருவார்கள். அல்ட்ராசவுண்டில் இல்லை என்பதனால் எம்ஆர்ஐ சந்தேகம் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது.

இவ்வளவு நுட்பமானது என்றால் எல்லாப் பெண்களுக்கும் ஏன் எடுப்பதில்லை?

முதல் பதிலில் சொன்ன சமனின்மைதான் காரணம். மிக அடர்ந்த மார்பகம் உள்ள 50 முதல் 75 வயதுப் பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2019-இல் வெளியான டென்ஸ் ஆய்வில், இரண்டு மேமோகிராம்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வெளிப்படும் புற்றுநோய் மேமோகிராம் மட்டும் எடுத்த குழுவில் ஆயிரம் பேருக்கு 5.0 ஆகவும், எம்ஆர்ஐக்கும் அழைக்கப்பட்ட குழுவில் 2.5 ஆகவும் இருந்தது. அழைப்பை ஏற்று உண்மையிலேயே எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டவர்களிடம் 0.8 மட்டுமே. இது பெரிய பயன். ஆனால் முதல் சுற்றில் எம்ஆர்ஐ எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 80 பேர் புற்றுநோய் இல்லாமலேயே மேற்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். பயாப்சி செய்தவர்களில் ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கே புற்றுநோய் இருந்தது.

மரபணுப் பிறழ்வோ, வலுவான குடும்ப வரலாறோ, இளம் வயதில் மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சையோ உள்ளவர்களிடம் புற்றுநோய் வாய்ப்பே கூடுதலாக இருப்பதால் இந்த விலையைக் கொடுப்பது தகும். வாய்ப்பு மிகக் குறைந்தவர்களிடம் அதே சோதனை, நோயைவிட வீண் அலைச்சலைத்தான் அதிகம் கண்டுபிடிக்கும்.

எம்ஆர்ஐ புற்றுநோய் போல இருக்கிறது என்றது. பயாப்சி தீங்கற்றது என்கிறது. எதை நம்புவது?

எந்த வகைத் தீங்கற்ற முடிவு என்பதைப் பொறுத்தது. பயாப்சி அறிக்கையில் வரும் பெயர், படத்தில் கண்ட தோற்றத்தை விளக்குகிறதா என்று கதிரியக்க மருத்துவரும் நோய்க்குறியியல் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். தடுப்புகளோடு கூடிய நீள்வட்டக் கட்டியில் நார்க்கட்டி என்று வந்தால் இரண்டும் பொருந்துகின்றன. அறுவை செய்த இடத்திலிருந்த வளையத்தில் கொழுப்பு இறப்பு என்று வந்தாலும் பொருந்துகிறது. முள்முள்ளாக வாஷ்அவுட் காட்டிய கட்டியிலிருந்து வெறும் இயல்பான சுரப்பித் திசு என்று வந்தால், அது பொருந்தாத முடிவு. ஊசி கட்டியின் அருகில் சென்றதே தவிர உள்ளே செல்லவில்லை என்று முதலில் ஐயுற வேண்டும். அப்போது மறு பயாப்சியோ, அந்த இடத்தை அறுவையில் எடுத்துப் பார்ப்பதோ செய்ய வேண்டும்.

இவற்றுக்கு இடையே, முள்போன்ற விளிம்பைக் காட்டும் ரேடியல் வடு, நாளத்துக்குள் வளரும் பாப்பிலோமா, செல்கள் இயல்பு மாறத் தொடங்கியிருக்கும் நிலை போன்றவை உள்ளன. இவை தோற்றத்துக்குப் பொருந்தினாலும் அருகிலேயே புற்றுநோய் இருக்கக்கூடும் என்பதால் தனியாக முடிவெடுக்கப்படுகின்றன. பொருந்தும் தீங்கற்ற முடிவு வந்த பிறகும், எம்ஆர்ஐ வழிகாட்டலில் எடுத்த பயாப்சி என்றால் பல மையங்கள் ஆறு மாதத்தில் ஒரு முறை மீண்டும் எம்ஆர்ஐ எடுத்து, அந்த மாற்றம் சுருங்கியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்க்கின்றன. அந்தத் தேதியைக் குறித்துவாங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பாதீர்கள்.